ஆடுகளம் விட்டு இறங்கிய பின்னும் ஒரு வாழ்வு உண்டு

அடம்பன் பகுதி மக்களுக்குப் பனிக்கட்டி என்றதும் நினைவுக்கு வருவது மீன்பெட்டிதான். கரையோரத்திலிருந்து காலை வேளையில் மோட்டார் சைக்கிளில் வரும் மீன் வியாபாரியின் பெட்டிக்குள் நொறுங்கிக் கிடக்கும் ஐஸ் துண்டுகளுக்கு அப்பால், அந்தப் பொருளோடு நமக்குப் பெரிய உறவு எதுவும் இல்லை. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் மக்களுக்கு, பனித்தளத்தின் மீது கூரிய தகடு பூட்டிய காலணியோடு சுழன்று ஆடும் விளையாட்டு வேறோர் உலகத்துச் செய்தி போலத் தோன்றுவது இயல்பே.

ஆயினும் அவ்விளையாட்டின் உச்சியில் நின்றவர்கள் போட்டியை விட்டு விலகி வேறொரு தொழிலுக்குள் காலடி வைத்த கதைகளில் நமது பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படக்கூடிய பாடம் ஒன்று உண்டு. விளையாட்டு வாழ்க்கை முடியும் நாளில் ஒரு மனிதன் கையில் என்ன மிஞ்சுகின்றது என்பதே அந்தப் பாடம். அக்கேள்வி யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் மட்டும் உரியதன்று. அடம்பன் மத்திய மகா வித்தியாலயத்து மைதானத்திலும் விடத்தல்தீவுக் கடற்கரை மணலிலும் உதைபந்தாடும் ஒவ்வொரு இளைஞனுக்கும் உரியது. ஆகவேதான் இவ்விடயத்தை இங்கு சற்று விரிவாக ஆராய முற்படுகின்றோம்.

பனித்தளத்தில் நடப்பது என்ன?

பனிச்சறுக்கு நடனம் என்று நாம் குறிப்பிடும் இவ்விளையாட்டு, பார்ப்பதற்கு நடனம் போல இலகுவாகத் தோன்றினாலும் உடலை வருத்தும் கடினமான போட்டியாகும். ஆட்டக்காரரின் காலணியின் அடியில் பொருத்தப்பட்ட உருக்குத் தகட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு குழிவு இருக்கும். அதனால் அத்தகட்டுக்கு உட்புறம் ஒன்றும் வெளிப்புறம் ஒன்றுமாக இரண்டு விளிம்புகள் உண்டு. எந்த விளிம்பிலிருந்து எழும்புகிறார், முன்னோக்கியா பின்னோக்கியா எழும்புகிறார் என்பதைக் கொண்டே பாய்ச்சல்கள் வகைப்படுத்தப்படுகின்றன. 'ஆக்ஸல்' என்னும் பாய்ச்சல் மட்டுமே முன்னோக்கி எழுந்து பின்னோக்கி இறங்குவது. ஆகவே மற்றப் பாய்ச்சல்களைவிட அதில் அரைச் சுழற்சி அதிகம்.

ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குள் காற்றில் நான்கு தடவை சுழன்று, ஒற்றைக் காலில், விரல் நீளத்தையும் விஞ்சாத அகலமுள்ள விளிம்பு கூட அல்ல, மயிரிழை போன்ற ஒரு விளிம்பின் மீது இறங்க வேண்டும். அவ்வாறு இறங்கும்போது கணுக்கால், முழங்கால், இடுப்பு ஆகியவற்றின் மீது உடல் எடையின் பல மடங்கு விசை தாக்குகின்றது. சிறு வயது முதல் நாளொன்றுக்குப் பல தடவை இதனைச் செய்து பழகும் உடல், இருபதுகளின் பிற்பகுதியை எட்டும்போதே தேய்ந்து விடுகின்றது. மற்றையோர் தொழிலில் காலூன்றத் தொடங்கும் வயதில் இவர்களது தொழில் முடிவடைகின்றது.

பிள்ளைகளை மிக இளவயதில் போட்டிக்களத்துக்கு இழுத்து வருவதால் நேரும் கேடுகளை உணர்ந்தே, சர்வதேச பனிச்சறுக்கு ஒன்றியம் 2022 ஜூன் மாதத்தில் ஒரு முடிவை எடுத்தது. வளர்ந்தோர் பிரிவில் பங்குபற்றுவதற்கான ஆகக் குறைந்த வயது 15 இலிருந்து 17 ஆகப் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஊக்கமருந்துச் சர்ச்சையில் சிக்கி உலகத்தின் முன் உடைந்து அழுத காட்சி, இம்முடிவுக்குப் பெரிதும் உந்துதலாயிற்று.

இடம்பெயர்ந்த ஒரு வீரன்

இவ்விளையாட்டின் அண்மைக்கால வரலாற்றில் மிகப் பெரிய பெயர் யப்பானியரான யுசுரு ஹன்யுவுடையது. 2014 இல் சோச்சியிலும் 2018 இல் பியோங்சாங்கிலும் அவர் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் வென்றார். ஆண்கள் தனிநபர் பிரிவில் இவ்வாறு இருமுறை தொடர்ந்து வென்ற ஒருவரைக் காண உலகம் 66 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு முன் அதனைச் சாதித்தவர் 1948 இலும் 1952 இலும் வென்ற அமெரிக்கரான டிக் பட்டன்.

ஆனால் நமது வாசகர்களுக்கு ஹன்யுவின் பதக்கங்களைவிட நெருக்கமான செய்தி வேறொன்று. 2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானின் வடகிழக்கைப் பூமியதிர்ச்சியும் ஆழிப்பேரலையும் தாக்கியபோது, 16 வயது மாணவனான அவர் செண்டாய் நகரிலுள்ள பனித்தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். காலணியைக் கழற்றவும் நேரமின்றி வெளியே ஓடித் தப்பினார். குடும்பத்தோடு சில நாட்கள் தஞ்ச முகாமில் தங்கினார். அவர் பயின்ற தளம் சேதமுற்று மூடப்பட்டது. பயிற்சிக்கு இடமின்றி, நாடெங்கும் நடந்த காட்சி நிகழ்ச்சிகளில் ஆடியே தமது பயிற்சியை அவர் தொடர வேண்டியதாயிற்று. முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று அறிந்த நமது மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

2022 பெப்ரவரியில் பீஜிங்கில், எவரும் அதுவரை போட்டியில் முயன்று அங்கீகாரம் பெறாத நான்கரைச் சுழற்சி ஆக்ஸல் பாய்ச்சலை ஹன்யு முயன்றார், விழுந்தார், நான்காம் இடத்தையே பெற்றார். அதே ஆண்டு ஜூலை 19 ஆம் திகதி டோக்கியோவில் செய்தியாளரைச் சந்தித்து, இனிப் போட்டிகளில் பங்குபற்றப் போவதில்லை என்றும் தொழில்முறைக் கலைஞராகத் தமது பணியைத் தொடரப்போவதாகவும் அறிவித்தார். 2023 பெப்ரவரியில் டோக்கியோ டோம் அரங்கில் பல்லாயிரம் பார்வையாளர் முன்னிலையில் தனி ஒருவராக நிகழ்ச்சி நடத்தினார். நடுவரின் புள்ளிக்காக ஆடிய காலம் முடிந்து, காண்போருக்காக ஆடும் காலம் அவருக்குத் தொடங்கியது.

இதனுடன் சேர்த்துக் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. போட்டிகளுக்கு இடையே அவர் வசேடா பல்கலைக்கழகத்தில் தொலைக்கல்வி வழியாகப் பயின்று 2020 இல் பட்டம் பெற்றார். தமது விளையாட்டையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, பாய்ச்சலின் அசைவுகளைக் கருவிகள் மூலம் பதிவு செய்து ஆராய்ந்தார். உலகப் புகழின் நடுவிலும் பட்டப்படிப்பை அவர் கைவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று பெண்கள், மூன்று வழிகள்

ஹன்யு தமது கலையோடு தங்கினார். வேறு சிலர் முற்றிலும் புதிய துறைக்குச் சென்றனர்.

அமெரிக்கரான டென்லி ஓல்பிரைட் சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டவர். அதிலிருந்து மீண்டு, 1956 இல் இத்தாலியின் கோர்ட்டினா நகரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். பெண்கள் பிரிவில் அதனை வென்ற முதல் அமெரிக்கர் அவரே. அதன்பின் போட்டியைக் கைவிட்டு ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்று சத்திரசிகிச்சை நிபுணரானார். பதக்கம் வென்றதைவிட நீண்ட காலத்தை அவர் மருத்துவத் துறையில் செலவிட்டார்.

சீன வம்சாவளி அமெரிக்கரான மிஷெல் குவான் ஐந்து தடவை உலகப் பட்டத்தையும் ஒன்பது தடவை தமது நாட்டின் பட்டத்தையும் வென்றவர். ஆயினும் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிட்டவில்லை. 1998 இல் வெள்ளி, 2002 இல் வெண்கலம். 2006 இல் டியூரின் ஒலிம்பிக்குக்குச் சென்றும் காயத்தினால் விலக நேர்ந்தது. அதன் பின்னர் பல்கலைக்கழகம் புகுந்து சர்வதேச உறவுகளைக் கற்று, இராஜதந்திரத் துறையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 2022 முதல் 2025 வரை பெலீஸ் நாட்டுக்கான அமெரிக்கத் தூதுவராகக் கடமையாற்றினார். ஒரு தங்கம் கிடைக்காமற் போனது அவரது வாழ்க்கையின் முடிவாகிவிடவில்லை.

மூன்றாமவர் ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த ஸஹ்ரா லாரி. ஹிஜாப் அணிந்து சர்வதேசப் பனிச்சறுக்குப் போட்டியில் ஆடிய முதற் பெண்ணாக அறியப்படுபவர். 2012 இல் இத்தாலியில் நடைபெற்ற போட்டியொன்றில், தலையை மூடியிருந்ததைக் காரணம் காட்டி அவருடைய புள்ளிகள் குறைக்கப்பட்டன. அவர் ஒதுங்கிப் போகவில்லை. விதிகளை நிர்ணயிப்போரிடம் தமது நிலையை விளக்கினார். பின்னர் ஹிஜாப் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பாலைவன நாடொன்றில் பனிச்சறுக்குக் கழகம் ஒன்றை நிறுவி, அடுத்த தலைமுறைச் சிறுமியருக்கு வழி திறந்துவிட்டார். உதைபந்தாட்டத்தில் 2014 இலும் கூடைப்பந்தாட்டத்தில் 2017 இலும் உலகச் சம்மேளனங்கள் தலைமறைப்புக்கு இடமளித்து விதிகளை மாற்றின என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகின்றோம். மார்க்க ஒழுக்கத்தைப் பேணியவாறே விளையாட முடியும் என்பதற்கு இவை சான்றாகும்.

நமது மண்ணின் முன்னோடி

வெளிநாட்டார் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நமது மண்ணிலேயே, மேற்கண்ட எவருக்கும் சளைக்காத ஒருவர் வாழ்ந்திருக்கிறார். அவர்தான் கலாநிதி நாகலிங்கம் எதிர்வீரசிங்கம்.

யாழ்ப்பாணம் பெரியவிளானில் 1934 இல் பிறந்து, யாழ். மத்திய கல்லூரியில் பயின்ற அவர், உயரம் பாய்தலில் இலங்கையின் பிரதிநிதியாக 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். அப்போது அவருக்கு 18 வயதும் நிரம்பவில்லை. 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958 இல் டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது.

அந்த விழா நடந்த நாட்களைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1958 மே 24 ஆம் திகதி தொடங்கி ஜூன் 1 ஆம் திகதி முடிவுற்றது அவ்விழா. அதே மே மாத இறுதி நாட்களில்தான் இலங்கையில் தமிழ் மக்கள் மீது இனவன்முறை கட்டவிழ்த்து விடப்பட்டிருந்தது. தாயகத்தில் தமது மக்களின் வீடுகள் எரிந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தமிழ் இளைஞன் இலங்கைக் கொடியின் கீழ் நின்று அந்நாட்டுக்கு முதல் தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தான். நமது வரலாற்றின் முரண்களை இதைவிடச் சுருக்கமாகக் கூற இயலாது.

1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் அவரது பெருமை பதக்கங்களோடு நின்றுவிடவில்லை. பாய்ச்சல் திறமை அவருக்கு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறந்தது. அவர் அந்த வாயிலைப் படிப்பதற்குப் பயன்படுத்திக்கொண்டார். பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். போட்டி வாழ்க்கை முடிந்தபின், சியரா லியோன், நைஜீரியா, பப்புவா நியூகினி ஆகிய நாடுகளில் கல்விப் பணியாற்றினார். யுனெஸ்கோ நிறுவனத்திலும் பணிபுரிந்தார். வாழ்க்கையின் பிற்பகுதியில், போர்நிறுத்தக் காலத்தில் வடக்கு கிழக்கின் கல்வி, புனர்வாழ்வு முயற்சிகளில் ஈடுபட்டார். 2024 ஏப்ரலில் தமது 89 ஆவது வயதில் அமெரிக்காவில் காலமானார்.

ஒரு மனிதர் போட்டியில் நின்ற காலம் ஏறக்குறையப் பத்தாண்டு. அதன்பின் அவர் கல்விக்கும் சமூகத்துக்கும் உழைத்த காலம் அதனைப்போல் பல மடங்கு. விளையாட்டு அவருக்கு ஏணியாக இருந்தது. ஏறிய பின் எங்கு செல்வது என்பதை அவர் முன்னரே தீர்மானித்திருந்தார்.

அவருக்கு முன்னவரான டங்கன் வைட்டின் வரலாறும் இவ்வாறானதே. 1948 இல் இலண்டனில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளி வென்று, இலங்கையின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றவர் அவர். பிற்காலத்தில் உடற்கல்வித் துறை ஆசானாகி இலங்கையிலும் நைஜீரியாவிலும் மாணவரைப் பயிற்றுவித்தார்.

பெரிய வீரனாக இருந்தால்தான் பின்வாழ்வு சிறக்கும் என்றும் இல்லை. நவீட் நவாஸ் இலங்கைக்காக ஆடியது ஒரேயொரு டெஸ்ட் போட்டியும் மூன்று ஒருநாள் போட்டிகளுமே. 2002 இல் அந்த ஒரே டெஸ்டின் இரண்டாம் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காது 78 ஓட்டங்கள் எடுத்தும் மீண்டும் அவருக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. ஆனால் பயிற்றுநராக மாறிய அவரது வழிகாட்டலில், 2020 பெப்ரவரியில் பங்களாதேஷின் 19 வயதுக்குட்பட்டோர் அணி உலகக் கிண்ணத்தை வென்றது. எந்த மட்டத்திலும் உலகக் கிண்ணம் ஒன்றைக் கண்டிராத ஒரு நாட்டுக்கு அதனைப் பெற்றுக்கொடுத்தவர், ஒரு டெஸ்டுடன் ஒதுக்கப்பட்ட நமது நாட்டு முஸ்லிம் வீரர்.

முத்தையா முரளிதரனை அறியாதார் இல்லை. 2010 ஜூலையில் காலியில் 800 ஆவது விக்கெட்டுடன் டெஸ்ட் அரங்கிலிருந்து விடைபெற்ற அவர், வர்த்தகத்திலும் பயிற்றுவிப்பிலும் ஈடுபட்டார். வடக்கின் இளைஞரையும் தெற்கின் இளைஞரையும் ஒரே மைதானத்தில் சந்திக்கவைக்கும் கிறிக்கெட் சுற்றுப்போட்டி 2012 இல் அவர் பெயரால் வடக்கில் தொடங்கப்பட்டது.

பதக்கம் சோறு போடாத நாள்

கதைகள் எல்லாம் இவ்வாறு இனிதே முடிவதில்லை. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற சுசந்திகா ஜயசிங்கவின் பதக்கம், முதலிடம் பெற்றவரின் ஊக்கமருந்துக் குற்றம் நிரூபணமான பின்னர் 2009 இல் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. டங்கன் வைட்டுக்குப் பின் 52 ஆண்டுகள் கழித்து நாட்டுக்கு ஒலிம்பிக் பதக்கம் தந்தவர் அவர். அவரே 2017 இல் பொருளாதார நெருக்கடியைக் கூறி, அந்தப் பதக்கத்தை விற்கப்போவதாக அறிவித்தபோது நாடே திடுக்குற்றது.

மன்னார் மண்ணும் தன் துயரத்தை அறியும். பனங்கட்டிக்கொட்டு போன்ற ஊர்களில் உதைபந்தாட்டம் என்பது உணவோடும் உறக்கத்தோடும் கலந்தது. அம்மண்ணிலிருந்து தேசிய அணிக்குச் சென்று, மாலைதீவில் கழக ஆட்டக்காரராக விளங்கிய டக்சன் பியூஸ்லஸ் 2022 பெப்ரவரியில் அங்கு உயிரிழந்த செய்தி மாவட்டத்தையே உலுக்கியது. வீரனுடைய ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டும் சமூகம், ஆட்டத்துக்கு வெளியே அவன் எவ்வாறு வாழ்கின்றான் என்பதையும் கேட்டறிய வேண்டும் என்பதை அத்துயரம் உணர்த்திற்று.

விளையாட்டு உளவியலாளர், போட்டியிலிருந்து விலகுவதற்கான காரணங்களை நான்காக வகுப்பர்: வயது, காயம், அணியில் இடமிழத்தல், சுயவிருப்பு. முதல் மூன்றும் வீரனின் கையில் இல்லாதவை. நான்காவது மட்டுமே அவனது சொந்தத் தீர்மானம். தாமாகத் திட்டமிட்டு விலகுபவர் புதிய வாழ்க்கைக்கு இலகுவில் பழகுகின்றனர். திடீரென வெளியே தள்ளப்படுபவர் தடுமாறுகின்றனர். பத்து வயது முதல் 'ஓட்டக்காரன்', 'கோல் காப்பாளன்' என்று மட்டுமே அழைக்கப்பட்ட ஒருவனிடமிருந்து அந்தப் பெயர் பறிக்கப்படும்போது, தான் யார் என்ற வினாவுக்கு அவனிடம் விடை இருப்பதில்லை. இதனை உணர்ந்தே சர்வதேச ஒலிம்பிக் குழு, வீரர்களின் பிற்காலத் தொழில்வாழ்வுக்கு உதவும் திட்டமொன்றை 2005 இல் ஆரம்பித்தது.

தொடங்காமலே முடிந்த ஆட்டங்கள்

இவ்விடத்தில், மேற்கூறிய உளவியலாளரின் பட்டியலில் இல்லாத ஐந்தாவது காரணம் ஒன்றையும் நாம் சேர்க்க வேண்டியுள்ளது. அது போர்.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவிலும் முசலியிலும் விடத்தல்தீவிலும் பிறந்து, அவ்வூர் மைதானங்களில் ஆடிய பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் வளர்ந்தனர். பின்னர் அடம்பனுக்கும் அந்த முறை வந்தது. 2008 மே மாதத்தில் இராணுவம் அடம்பனைக் கைப்பற்றுமுன்னரே அங்கிருந்த மக்கள் வெளியேறியிருந்தனர். மடுவிலும் வெள்ளாங்குளத்திலும் கிளிநொச்சியிலும் தங்கித் தங்கி, முல்லைத்தீவுக் கரைவரை பலர் தள்ளப்பட்டனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம் வாழ்க்கையும் கடந்த பின்னரே கட்டங்கட்டமாக ஊர் திரும்ப முடிந்தது. திரும்பியபோது மைதானங்களில் புல்லோடு வெடிபொருள் அச்சமும் வளர்ந்திருந்தது.

ஒரு விளையாட்டு வீரன் உருவாகும் பருவம் பன்னிரண்டு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்டது. அந்த எட்டு ஆண்டுகளை முகாமில் இழந்த ஒருவனுக்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று இல்லை. அவனது ஆட்டம் தொடங்கவே இல்லை. இரு சமூகங்களிலும் அத்தகைய தலைமுறை ஒன்று உண்டு. இழப்பின் காலம் வேறு, காரணர் வேறு. ஆனால் இழந்த பொருள் ஒன்றே. இன்று தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோர் பலர் அந்தத் தலைமுறையினரே. ஆகவேதான் 'விளையாட்டு வேண்டாம், படித்தாற் போதும்' என்று அவர்கள் கூறும்போது அதனை அறியாமை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை இழந்தவர்களுக்குச் சான்றிதழ் ஒன்றே எங்கும் கொண்டுசெல்லக்கூடிய சொத்தாகத் தெரிகின்றது.

ஆயினும் அவர்களது அச்சத்துக்கு எதிர்வீரசிங்கத்தின் வாழ்க்கையே தகுந்த மறுமொழி. விளையாட்டும் கல்வியும் ஒன்றையொன்று தின்னும் பகைகள் அல்ல. ஒழுங்காகத் திட்டமிட்டால் ஒன்றை மற்றது தாங்கும்.

செய்யத்தக்கவை எவை?

முதலாவதாக, விளையாட்டுத் திறமை கல்விக்குத் திறக்கும் கதவுகளை மாணவர் அறிந்திருக்க வேண்டும். உயர்தரப் பரீட்சையில் தகுதி பெற்று, தேசிய மட்டத்திலோ சர்வதேச மட்டத்திலோ சாதித்த மாணவருக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விசேட அனுமதி வழங்குகின்றது. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானத்தில் பட்டப்படிப்பு உண்டு. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி உண்டு. விண்ணப்பத்தின்போது போட்டிச் சான்றிதழ்கள் தேவைப்படும். மாவட்ட, மாகாண மட்டச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்தாது தொலைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் மாணவர் அநேகர். பாடசாலைகள் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு கோவையைத் திறந்து பேணுவது செலவில்லாத காரியம்.

இரண்டாவதாக, ஆடுவது மட்டுமே விளையாட்டுத் துறையில் உள்ள தொழில் அன்று. மத்தியஸ்தர், பயிற்றுநர், உடலியக்கச் சிகிச்சையாளர், விளையாட்டு உத்தியோகத்தர், வர்ணனையாளர், விளையாட்டுச் செய்தியாளர் எனப் பல கிளைகள் உண்டு. இருபத்தைந்து வயதில் முழங்கால் உடைந்த ஒருவன், ஊதுகுழலை எடுத்துக்கொண்டு அதே மைதானத்தில் இன்னும் இருபது வருடம் நிற்கலாம். மடு, மன்னார்க் கல்வி வலயங்களும் பிரதேச செயலகங்களின் விளையாட்டுப் பிரிவுகளும் மத்தியஸ்தர், பயிற்றுநர் பயிற்சிநெறிகளைத் தமிழ்மொழியில், மன்னாரிலேயே நடத்த முன்வருதல் வேண்டும். கொழும்புக்குச் சென்று தங்கிப் பயில்வது கூலி விவசாயியின் பிள்ளைக்கும் மீனவரின் பிள்ளைக்கும் எட்டாத செலவாகும்.

மூன்றாவதாக, பெண் பிள்ளைகளை மறத்தல் ஆகாது. யாழ். மாவட்டத்திலிருந்து வந்த தர்ஜினி சிவலிங்கம் 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை வலைப்பந்தாட்ட அணிகளின் தூணாக விளங்கினார். உயரமானவள் என்று ஏளனம் செய்யப்படக்கூடிய ஒரு பெண்ணின் உயரமே நாட்டின் பலமாயிற்று. நமது பகுதிச் சிறுமியருக்குப் பூப்பெய்தியதோடு விளையாட்டு முடிந்துவிடுகின்றது. தகுந்த உடை, பெண் பயிற்றுநர், பாதுகாப்பான மைதானம் ஆகிய மூன்றையும் உறுதிப்படுத்தினால், தமிழ்ப் பெற்றோரும் முஸ்லிம் பெற்றோரும் கூறும் தடைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும்.

நான்காவதாக, கழகங்கள். மன்னாரில் கழகமில்லாத கிராமத்தைக் காண்பது அரிது. கிண்ணத்துக்கும் பந்தல் அலங்காரத்துக்கும் திரட்டப்படும் பணத்தில் ஒரு பகுதியை, காயமுற்ற வீரரின் சிகிச்சைக்கும் கல்விக்கும் ஒதுக்கும் வழக்கத்தைக் கழகங்கள் மேற்கொள்ளலாம். ஊர்க்கிண்ணம் ஒன்றை வென்ற மகிழ்ச்சி ஒரு வாரம் நிற்கும். ஒரு வீரனைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவைத்த பயன் அவன் குடும்பத்தின் ஆயுளுக்கும் நிற்கும். அத்துடன், தமிழ்க் கிராமத்துக் கழகமும் முஸ்லிம் கிராமத்துக் கழகமும் ஒரே நிதியத்தில் பங்காளராகுமானால், மேடையில் பேசப்படும் நல்லிணக்கத்தைவிட அது உறுதியானதாக அமையும்.

பனித்தளத்தில் தங்கம் வென்ற பெண் சத்திரசிகிச்சை நிபுணரானதும், பெரியவிளான் இளைஞன் கலாநிதியானதும் தனிப்பட்டவரின் விடாமுயற்சியால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. ஓடும்போதே படிக்க இடங்கொடுத்த கல்லூரி ஒன்று, தோற்றபோதும் தாங்கிய குடும்பம் ஒன்று, அவர்களுக்குப் பின்னால் இருந்தது. நமது பிள்ளைகளுக்கு அவை தாமாக வந்து சேரமாட்டா. ஊர் கூடித்தான் அவற்றை உருவாக்க வேண்டும்.

அடம்பன் என்ற ஊர்ப்பெயரை உச்சரிக்கும்போது, மணலில் படரும் அந்தக் கொடியைப் பற்றிய பழமொழி எவருக்கும் நினைவு வராமற் போகாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்றனர் முன்னோர். தனித்த கொடி ஒன்றை ஆடு மேய்ந்துவிடும்; திரண்ட கொடி கரையையே காக்கும். மைதானத்திலிருந்து இறங்கி வரும் நமது பிள்ளைகளுக்கு அவ்வாறு திரண்டு நிற்கும் சமூகமாக நாம் இருக்கின்றோமா என்பதை, அடுத்த கிண்ணப் போட்டிக்குப் பணம் சேர்க்கப் புறப்படுமுன் ஒவ்வொரு கழகமும் ஒவ்வொரு பாடசாலையும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.